மூன்றாவது காம்பராவின் அடுப்பு

மலைநாட்டில் எல்ல என்ற ஊரில் நான் கரண்ட் வேலை பார்க்கும் ஹோட்டலின் முன்மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை ரயில் ஓடுகிறது. சுரங்கம், பாலம், ஸ்டேஷன், தேயிலை மலை என்று பதுளைப் பாதையைச் சுருக்கி வைத்திருக்கிறோம். மழை நாளில் வெளியே போக முடியாத வெள்ளைக்காரர்கள் இதைச் சுற்றி நிற்பார்கள். முதலாளிக்கு அது போதவில்லை. தண்டவாளத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வேண்டும், அதில் விளக்கு எரிய வேண்டும் என்றார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ரயில்வே ஊழியர்களின் வரிசை வீடாம். பிளாஸ்டிக் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் துண்டு துண்டாக இருந்தன. ஒட்டி முடித்து உள்ளே ஒரு பல்பைப் போட்டேன். மெல்லிய சுவர் மொத்தமும் வெளிச்சத்தில் பளபளத்தது. ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன தம்பி, வெசாக்குக்குக் கட்டுற காகித விளக்குக் கூடா செஞ்சிருக்கீங்க?" என்றார் முதலாளி. "உள்ளுக்கு மனுசன் இருக்கிற மாதிரி செய்ங்க. நீங்க லயத்துல பொறந்தவர்தானே?"

ஆமாம், மடுல்சீமைப் பக்கம் பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தவன்தான். குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. சரி, செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். வெளிச்சம் ஊடுருவாமல் உட்சுவருக்குக் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் மேலே நீலம் கலந்த சுண்ணாம்பு நிறம் அடித்தேன். அட்டையால் பத்துக் காம்பராவாகத் தடுத்தேன். தடுப்பைக் கூரை வரைக்கும் ஏற்றவில்லை. எங்கள் லயத்தில் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டுச் சண்டையைப் பத்து வீடும் கேட்கும். பழைய கலண்டரில் பொடிப் பொடியாக இருந்த சாமிப் படங்களை வெட்டி ஒட்டினேன். பாய், குடம், கொழுந்துக் கூடை எல்லாம் செய்தேன். காம்பராவுக்கு ஒன்றாகப் பயறு அளவு பல்ப். பல்ப் போனால் மாற்ற வேண்டுமே என்று கூரையை ஒட்டாமல், தூக்கி எடுக்கிற மாதிரி விட்டேன்.

பிறகு முதலாளிக்கு அடுப்பும் எரிய வேண்டும் என்று ஆசை வந்தது. நெருப்பு மாதிரி மினுங்கும் சிவப்பு பல்ப் பத்து கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பதை வைத்தேன். மூன்றாவது காம்பராவில் வைக்கக் கை போகவில்லை.

மூன்றாவது காம்பரா என் அண்ணன் வீடு.

பதினெட்டு வருஷம் ஆகிறது. நானும் அம்மாவும் இரண்டாவது காம்பராவில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது, கரண்ட் வேலை பழகிவிட்ட திமிர். நாலாவது காம்பராக்காரருக்கு மீட்டர் இல்லை. எங்கள் மீட்டரிலிருந்து, அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவர்கள் காம்பராவுக்கு மேலாக, கூரைச் சட்டத்தோடு ஒரு மெல்லிய வயரை இழுத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு இடத்தில் முறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. டேப் தீர்ந்துபோயிருந்தது. சொப்பிங் பேக்கைக் கிழித்துச் சுற்றிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். அதற்கு மேலே தகரம். தகரத்துக்கு அடியில், ஒழுகாமல் இருக்க நாங்கள் கட்டியிருந்த உர பேக்குகள்.

அண்ணன் மகளுக்கு நாலு வயது. அன்றைக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணி மத்தியானம் மலையிலிருந்து வந்து, கஞ்சி காய்ச்சி ஊட்டி, பிள்ளையைத் தூங்க வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பக் கொழுந்தெடுக்க ஓடினார். நாலாவது காம்பராவில் கல்யாண வீட்டுக்குப் போக உடுப்பு அயன் பண்ணினார்கள். என் வயர் அதைத் தாங்கவில்லை. கூரையிலிருந்து நெருப்பு விழுந்தது. பிள்ளையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

நான் ஓடி வந்தபோது சாம்பல் சூடு ஆறவில்லை. எல்லாரும் பிள்ளையைச் சுற்றி நின்று கதறும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? உருகிக் கிடந்த வயரைச் சுருட்டி, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தேன். போலீஸ் வந்து பார்த்தபோது நெருப்புக்குக் காரணம் சொல்ல அங்கே மிஞ்சியிருந்தது அடுப்பு மட்டும்தான். "அடுப்ப அணைக்காம போயிட்டா" என்று யாரோ சொன்னார்கள். அது மலை முழுக்கப் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கள்ளக் கரண்ட் என்பதால் நாலாவது காம்பராக்காரரும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் அண்ணியை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. அண்ணி கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தினார். பதினேழு வருஷம் தானே பொங்கித் தின்றார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணி ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டப் போனார். அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் போய்ச் சேர்ந்தார். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. சீ, நானும் ஒரு மனுசன்!

அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே அண்ணிக்கு இதே ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்திருந்தேன். தினமும் மத்தியானம் எனக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வருவார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பார். "நீங்க சாப்பிடலியா அண்ணி?" என்றால், "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். கொழுந்தன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஹோட்டலில் எனக்கு நல்ல பெயர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கத்தான் செய்தது. அதற்காக நான் ஒரு நாளும் சோற்றை மிச்சம் வைத்ததில்லை.

லயத்தைப் பெட்டிக்குள் வைக்கும் காலையில், துவைத்த திரைச்சீலைகளோடு அண்ணி மண்டபத்துக்கு வந்தார். நான் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்து, எல்லாம் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, நம்ம லயம்!" என்று சிரித்தார். "கொடங்கூட வச்சிருக்கியே தம்பி. இந்தப் பாயப் பாரேன்!"

ஒவ்வொரு காம்பராவாக விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனார். விரல் மூன்றில் நின்றது.

"எல்லா அடுப்பும் எரியுது. இதுல மட்டும் ஏன் எரியல?"

பல்ப் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பத்தாவது பல்ப் என் சட்டைப் பையில் கிடந்தது.

"அன்னிக்கு அதுல நெருப்பு இல்ல அண்ணி," என்றேன். "நெருப்பு கூரையிலருந்து வந்துச்சு. நாலாவது காம்பராவுக்கு நான் இழுத்த வயரு. நாந்தான் அத எடுத்துக் கான்ல போட்டேன்."

கத்துவார், செருப்பால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி திரைச்சீலைகளைத் தரையில் வைத்துவிட்டு, அந்த ஒன்பது அடுப்பையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி தெளிச்சேன்," என்றார் கடைசியில். "கஞ்சிச் சட்டிய எறக்கி வச்சிட்டு தண்ணி தெளிச்சேன். சுர்ருன்னு சத்தம் வந்துச்சு. நல்லா ஞாபகம் இருந்துச்சு எனக்கு. எல்லாரும் சொல்லச் சொல்ல, அப்புடி ஒண்ணும் கேக்கலன்னு நானே நம்பிட்டேன்."

"அண்ணி..."

"ஒங்கண்ணன் இருக்கறப்பவே சொல்லியிருந்தா, ஒரு வாய் கஞ்சியாச்சும் என் கையால குடிச்சிட்டுப் போயிருப்பாரு."

திரைச்சீலைகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அண்ணி ஒரே ஒரு பார்சலோடு வந்தார். துணி காயும் கொடிக்குக் கீழே, எனக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். அவசரப்படாமல், கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அண்ணி வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.