ஊர்காவற்றுறையில் ஒரு மிடறு தண்ணீர்

மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டாம், ஊரைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கண், மூக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. ஆனால் நான் ஆயுள் முழுக்கக் குடியிருக்கப்போவது படத்திலா? கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஊர்காவற்றுறையில் தண்ணீர் எப்படி என்று தரகரிடம் கேட்டேன். "நாலு பக்கமும் தண்ணிதானே பிள்ளை" என்றார் அந்த மனிசன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை கடல் தொழில் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்றைக்கே போவது என்று முடிவாயிற்று. துணைக்குச் சின்னம்மா. அம்மா இருவருக்கும் ஒரு கட்டளை போட்டு அனுப்பினார்: முடிவு சொல்லும்வரை அவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் வீட்டுக் கிணற்றிலிருந்தே பெரிய போத்தல் ஒன்றில் தண்ணீர் கொண்டுபோனோம்.

யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, மண்டைதீவு தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல். சின்னம்மா மடியில் போத்தலை வைத்துக்கொண்டு பாதிவழிவரை செபமாலை சொன்னார். சரவணை என்ற ஊர் வரும்போது நித்திரை. இறங்கும் அவசரத்தில் போத்தல் பஸ்ஸிலேயே போய்விட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது.

எங்களைக் கூட்டிப்போக மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் நின்றார்கள். மாப்பிள்ளை ஒரு சிரிப்போடு சரி. அக்கா வாயை மூடவே இல்லை. முதலில் கோட்டைக்குக் கொண்டுபோனார்.

"போர்த்துக்கேயர் கட்டினது தங்கச்சி. அந்தக் காலத்திலை எங்கடை துறைமுகத்துக்கு வராத கப்பல் இல்லை."

புதர்ப் பற்றைக்குள் அரைச் சுவர் ஒன்று நின்றது. அதன்மேல் இரண்டு ஆடுகள். ஒன்று என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டின் சார்பில் பெண் பார்க்க வந்தது அதுதான் போலிருந்தது.

அடுத்தது பழைய கடைத்தெரு. தூண்கள் கம்பீரமாக நின்றன, கூரைதான் இல்லை. உள்ளே மரங்கள் வளர்ந்து யன்னலால் கையை நீட்டிக்கொண்டிருந்தன. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது யாருக்குத் தூணைப் பார்க்க மனம் வரும்? முன்னால் ஒரு பெட்டிக்கடை. நான் அந்தப் பக்கம் திரும்பவே அக்கா கைப்பையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். சின்னம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

"அவை வாங்கித் தந்தாலும் அவையின்ரை கையாலை குடிச்ச மாதிரித்தான். பேசாமல் வாடி."

சின்னம்மாவின் உதடும் வெடித்திருந்தது. ஆனால் கட்டளை கட்டளைதான்.

அதற்கடுத்து மாதா கோயில் வந்தது. பெரிய முகப்பு, உள்ளே நல்ல குளிர்ச்சி. நான் மாதாவைப் பார்க்கவில்லை, பக்கக் கதவால் தெரிந்த கிணற்றைத்தான் பார்த்தேன். கோயில் கிணறு யாருடைய கையும் இல்லையே! ஓடிப்போய் ஒரு வாளி அள்ளி, இரண்டு கையாலும் ஏந்தி வாயில் விட்டேன். விட்ட வேகத்திலேயே துப்பினேன். உப்பு. மாப்பிள்ளை, அக்கா, சின்னம்மா, கோயில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மனிசி, எல்லோருக்கும் முன்னால்.

அக்காவின் முகம் கறுத்தது. "கோயில் கிணறு அப்பிடித்தான் தங்கச்சி. எங்கடை வீட்டுக் கிணறு நல்ல தண்ணி."

"இல்லை அக்கா" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் வாய் திறந்தது அப்போதுதான். "எங்கடையும் உப்புத்தான். மாரியிலை பரவாயில்லை. சித்திரை, வைகாசியிலை வாயிலை வைக்கேலாது. குடிக்கிற தண்ணி பவுசர் லொறியிலை வரும், பிளாஸ்டிக் கானிலை பிடிச்சு வைப்பம்."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மீன் கருகியிருக்கும். தண்ணீருக்குக் காவல் இருக்கும் வாழ்க்கையா? வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று அந்த முற்றத்திலேயே முடிவு கட்டினேன்.

பிறகு இறங்குதுறை. நடுக்கடலில் இன்னொரு கோட்டை, அதற்கு அப்பால் காரைநகர். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை அங்கே 'பாதை' என்கிறார்கள். அக்கா கடற்கோட்டையின் பெருமையைச் சின்னம்மாவுக்குச் சொல்லத் தொடங்க, மாப்பிள்ளை என் பக்கம் வந்து நின்றார்.

"வேறை குறையளும் இருக்கு. சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"சோளகக் காத்து தொடங்கினால் பொல்லாதது. நீர் இஞ்சை தோய்ச்ச சட்டையைக் காயப்போட்டால் காரைநகரிலை போய்த்தான் எடுக்கவேணும். அதுக்குத்தான் உந்தப் பாதை ஓடுது."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் விடவில்லை. கரண்ட் போனால் எப்போது வருமென்று தெரியாதாம். கடலுக்குப் போன நாட்களில் விடியும்வரை தன்னைத் தேடவேண்டாமாம். அக்கா கதைக்கத் தொடங்கினால் நிறுத்த ஏலாதாம். கோட்டையும் தூணும் காட்டாத ஊரை அந்த மனிசன் ஐந்து நிமிடத்தில் காட்டி முடித்தார். கடற்காற்று முகத்தில் அடித்தது. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தரகர் மறைத்தார், அக்கா மறைத்தார். கல்யாணம் முடியும்வரை இவரும் மறைத்திருக்கலாமே?

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மேசையில் கேக், வாழைப்பழம், குளிரக் குளிரச் சோடா. சின்னம்மா கதிரை நுனியில் நிமிர்ந்து இருந்தார். கண் மட்டும் சோடாவில். கடைசி பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. "முடிவைத் தரகரிட்டைச் சொல்லி அனுப்புறம்" என்று சின்னம்மா எழும்ப ஆயத்தமானார்.

நான் எழும்பி நேரே குசினிக்குள் போனேன். மூலையில் பவுசர் தண்ணீர்க் கான், பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் வாளி. பின்னாலேயே ஓடிவந்த அக்காவிடம் ஒரு கோப்பை கேட்டு வாங்கி, வாளியில் அமிழ்த்தினேன்.

"எடி, குடிச்சுப் போடாதை!" சின்னம்மாவின் குரல் கூடத்திலிருந்து வந்தது.

குடித்தேன். கோயில் கிணற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கோப்பையைக் காலியாக்கித்தான் வைத்தேன். அக்கா வாயில் கையை வைத்தபடி நின்றார். அந்த நாளிலேயே அவர் பேசாமல் நின்றது அப்போதுதான்.

குசினி வாசலில் மாப்பிள்ளை. "கானிலை நல்ல தண்ணி இருந்ததெல்லே?"

"சித்திரை வரமுன்னம் பழகவேணுமெல்லே" என்றேன்.

கூடத்தில் சின்னம்மா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மேசையிலிருந்த சோடாவை எடுத்து, போத்தலைக் கீழே வைக்காமலே குடித்து முடித்தார்.