ஒரே ஆளுக்கு இரண்டு சதுரம்

என் கணவர் எனக்குத் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கத்தில் இதை ஒரு சேதியாகக்கூட யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மகள் பாலைப் பொங்கவிட்டாலும் சரி, பரீட்சையில் கோட்டைவிட்டாலும் சரி, "எல்லாம் உங்கம்மா வழி" என்பார் அவர். என் வழி என்பது அவருடைய அக்கா வழி, அது நேராக அவர் பிறந்த வீட்டில்தான் போய் நிற்கும் என்பது இருபத்தைந்து வருடமாக அவருக்கு உறைக்கவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அம்மா மார்புப் புற்றுநோயில் போனாள். எனக்கும் அதே வந்தது. ஆபரேஷன் முடிந்து தலையில் முடி திரும்ப முளைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போனோம். அங்கே ஆலோசகர் என்று ஓர் இளம்பெண், எங்கள் குடும்பத்தைப் பென்சிலால் வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். அம்மாவின் தம்பிக்கு மேலே ஒரு சதுரம் போட்டாள். கீழே என் கணவருக்கு ஒரு சதுரம் போட்டாள்.

"ரெண்டும் ஒரே ஆளுங்க," என்றேன்.

அவள் ரப்பரைத் தேடினாள். கீழ்ச் சதுரத்தை அழித்துவிட்டு, மேலேயிருந்து என் வட்டத்துக்கு ஒரு கோணல் கோடு இழுத்தாள். கணவர் எட்டிப் பார்த்து, "கரெக்டா இருக்கும்மா" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஊதா மூடிக் குழாயில் என் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சந்தேகத்துக்குரிய மரபணுக்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார்களாம். நான்கு வாரம் படித்தார்கள். ஓரிடத்தில் இரண்டு எழுத்து விட்டுப்போயிருந்தது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிறவள் நான். இரண்டு எழுத்துக்கு நான் அரை மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை.

மகளுக்கு எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும் என்றாள் அந்த ஆலோசகப் பெண். அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருந்தால் அம்மாவின் தம்பிக்கும் இருக்கலாம், சாரும் ரத்தம் கொடுக்கட்டும் என்றாள்.

"இது பொம்பளைங்க நோவும்மா. எனக்கு இன்னாத்துக்கு?"

"ஆம்பளைங்களுக்கும் வரும் சார். மார்புலயே வரும்."

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ரத்தம் கொடுக்கவில்லை. கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வேண்டும், விட்டால் கடலை மண்ணிலேயே முளைத்துவிடும் என்று இரண்டு மாதம் ஓட்டினார். மகளுக்கு அது நல்ல சாக்கு. "அப்பா குடுத்தா நானும் குடுக்கறேன்," என்றாள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். ஒருநாள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "மார்ல கட்டி வந்தப்ப உங்கக்காவும் மல்லாட்டதான் புடுங்கிக்கினு இருந்தா மாமா," என்றேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். மறுநாள் இருவரும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

முடிவு வந்த அன்று மூவருமாகப் போனோம். ஆலோசகர் கணினியைத் திருப்பிக் காட்டினாள். நான்கு நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள். பிழை இருக்கும் இடம்வரை ஒரே வரிசையாகத் தெளிவாக வந்து, அங்கிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. மேலே அப்பாவுடையது, கீழே மகளுடையது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இருவருக்கும் அந்தப் பிழை இருந்தது.

"எனக்கு இது யார்கிட்டேருந்து வந்துது மேடம்?" என்று கேட்டாள் மகள்.

"அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் அதே இடத்துல இருக்குதுங்க. யார்கிட்டேருந்துன்னு இந்த டெஸ்ட்ல சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கினா, வந்தாலும் ஆரம்பத்துலயே புடிச்சிடலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவர் வாயிலிருந்து வழக்கமான அந்த வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் மேசையில் இருந்த பென்சில் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார்.

"என் வழிதாம்மா. எழுதிக்க."

"அப்படி எழுத இதுல எடம் இல்ல சார்."

"ஓரமா எழுதும்மா."

அவள் ஓரமாக எழுதினாள்.