ஏணியடியில் மருந்துப் பைகள்

காலை ஆறு நாற்பது. தாராவியில் மச்சானின் பிளாஸ்டிக் பட்டறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை பைகள். கூரைவரை குவிந்த தடித்த, நிறமற்ற பைகள். ஒன்றுக்குள் ஓர் ஆள் படுக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில வாசகம்: ஒருமுறை மட்டும்.

ஊரில் மாடி என்றால் படிக்கட்டு இருக்கும். இங்கே கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக இரும்பு ஏணி, பிடித்து இறங்க ஒரு நைலான் கயிறு. மேலப்பாளையத்திலிருந்து வந்த புதிதில் அதில் ஏற எனக்குக் கால் கூசும். லாத்தா, என் அக்கா, இருபது வருஷமாகத் தண்ணீர்க் குடத்தோடு ஏறியிறங்கியவள். மூட்டுவாதம் வந்தபின் பதினைந்து நாளுக்கு ஓர் ஊசி. உயிருள்ள செல்களை வளர்த்து எடுக்கும் மருந்து, விலையும் அப்படி. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சலுகை அட்டை இருக்கிறது. மும்பை முகவரி வேண்டும், நோயாளி நேரில் வரவேண்டும். இந்த முறை ஊசி தவறியது. விரல்கள் மடங்கவில்லை, கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. ஒன்பது நாளாக மேலேயே இருந்தாள். இறங்கினால்தான் ஊசி, ஊசி போட்டால்தான் இறங்கலாம்.

ஊசிக்கு வைத்திருந்த பணத்தை மச்சான் இந்தப் பைகளில் போட்டிருந்தார். அந்த மாதிரி மருந்துக்கான செல்களை இவற்றில்தான் வளர்க்கிறார்கள். எஃகுத் தொட்டி என்றால் ஒவ்வொரு தடவையும் கழுவத் தண்ணீரும் நீராவியும் ஏகமாக ஆகும். பை என்றால் ஒரு தடவையோடு குப்பை. பயன்படுத்தியதை எரிப்பார்கள், பயன்படுத்தாமலே தேதி கடந்தது இப்படி வெளியே வரும். தாராவியில் பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கொளுத்தி, மோந்து பார்த்துத் தரம் சொல்வார்கள். மச்சான் பையில் வெட்டச் சுலபமான குழாய்க் கழுத்தை வெட்டிக் கொளுத்தினார். கழுத்து ஒரே வகை பிளாஸ்டிக், நல்ல சரக்கின் வாசனை வந்தது. உருக்கியபோதுதான் தெரிந்தது, பையின் தாளில் நாலைந்து வகை பிளாஸ்டிக் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறது. பிரிக்க வழியில்லை, கலந்தது விலை போகாது.

கொண்டுவந்த வண்டிக்காரரிடம் அப்போதே திருப்பி எடுக்கச் சொன்னார். “தவாயி கா மால் ஹை, சாச்சா. ஏக்தம் சாஃப்” என்றார் அவர். மருந்துச் சரக்காம், துளி அழுக்கில்லையாம். மச்சான் கேட்டது பல வகை கலந்திருப்பதைப் பற்றி. கிடைத்த பதில் சுத்தத்தைப் பற்றி.

அன்று காலை மேலேயிருந்து லாத்தா எட்டிப் பார்த்தாள். “ஊசி வாங்கச் சொன்னா உறைய வாங்கிட்டு வந்திருக்காவ, பாத்தியா தம்பி.”

“போதும்ளா, ஊரே சிரிக்கட்டும்” என்றார் மச்சான். அன்றைய ஊசிக்கு நான் பணம் ஏற்பாடு செய்திருந்தேன். அவளை இறக்குவதுதான் பாக்கி.

அவர் பைகளை இறுக்கிக் கட்டி, பொதி பொதியாக ஏணியோரம் ஒன்றைவிட ஒன்று உயரமாக அடுக்கினார். ஏழு அடுக்கு, ஏழு படி. லாத்தா உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினாள். நாலாவதில் மூச்சு வாங்கச் சற்று நிறுத்தினாள்.

“ஊருக்கே போயிருக்கலாம்” என்றேன்.

“ஊர்ல ஏணி இல்ல. இந்த அட்டையும் அங்க செல்லாது” என்றாள்.

எட்டே காலுக்குத் தெருவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊசிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. பொதிகள் ஏணியடியில்தான் இருக்கின்றன.