மூன்றாம் மாடி வீட்டின் சாவி

வீடு விற்கும் தொழிலை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் பழைய முகவர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானாக வெளியேறவும் இல்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டே யார் எந்த வீட்டை என்ன பொய் சொல்லி விற்கிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு சின்ன சுகம். போன வாரம் அப்படித்தான் ஒரு விளம்பரம் வந்தது. ஜொகூர் பாரு தம்போய், இரண்டு அறை ஃபிளாட், மூன்றாம் மாடி, காற்றோட்டம் உண்டு, பேருந்து நிறுத்தம் அருகில். கூடவே ஆறு படங்கள்.

காற்றோட்டம் உண்டு என்றால் மின்தூக்கி இல்லை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் நானும் இதே வாக்கியத்தைத்தான் எழுதினேன். சிரித்துக்கொண்டே படங்களைத் தள்ளியவன் நான்காவது படத்தில் நின்றுவிட்டேன். வரவேற்பறை ஜன்னல் கம்பிகளில் இரண்டு மயில்கள் எதிரெதிரே நின்றன. வலது பக்கத்து மயிலுக்குக் கொண்டை கொஞ்சம் பெரிது. அந்த வீட்டை இதே கையால் விற்றவன் நான். வாயில் பற்பசை நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஜொகூர் பாரு வந்து, எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கழுத்துப்பட்டை கட்டும் வேலை வேண்டும் என்று இதில் நுழைந்தேன். கழுத்துப்பட்டை ஒன்றுதான் இருந்தது. அதன் முடிச்சை அவிழ்க்காமல் ஆணியில் மாட்டி வைத்து, காலையில் தலையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொள்வேன். பெயர் அட்டையில் என் பெயரை ஒரே அசையாக வெட்டிக்கொண்டேன். தொலைபேசியில் கேட்பவருக்கு நான் யார், என்ன இனம் என்று பிடிபடக் கூடாது. அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

தம்போய் அந்த நாளில் விடியும்போதே சத்தத்தோடு விடியும். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக நின்று, நீலச் சட்டைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும். ஃபிளாட்டுக்குக் கீழே வரிசையாகப் பட்டறைகள். கார்களுக்குச் சாயம் அடிக்கிற வாசனை படிக்கட்டு வழியாக முதல் மாடி வரைக்கும் ஏறி வரும். இரண்டாம் மாடியில் யாரோ நெத்திலி வறுப்பார்கள். மூன்றாம் மாடியை எட்டும்போது சாம்பிராணி. மூச்சு வாங்க அந்தப் படிகளை ஏறியவனுக்கு அது சரோஜா அக்காவின் வீடு என்று மூக்கே சொல்லிவிடும்.

சரோஜா அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி தம்போய்க்கு வந்தவர். மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடம் ஷிப்ட் வேலை. கணவர் கீழே பட்டறையில் வெல்டிங் செய்தவர். மயில் கம்பி அவர் கைவேலைதான். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்காவுக்கு முட்டிவலி. மூன்று மாடி ஏறி இறங்க முடியவில்லை. கூலாயில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வீட்டை விற்பதென்று முடிவாகி, கோவிலில் யாரோ சொல்லி, என்னைக் கூப்பிட்டார். தமிழ்ப் பையன் என்பதால்தான் கூப்பிட்டார். அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, விலையைப் பற்றி அதிகம் பேசாமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, யாரு வாங்குனாலும் சரி. சாவிய மட்டும் நான்தான் அவங்க கையில குடுக்கணும். தட்டுல வெத்தல பாக்கு, பழம், மஞ்சள் வெச்சிக் குடுக்கணும். அவரு ஆசப்பட்டு வாங்குன வீடு. வர்றவங்க நல்லா இருக்கணும்லா.”

“அதுக்கென்னக்கா, தாராளமா,” என்றேன். தொழிலில் நான் அடிக்கடி சொன்ன சொல் அது. தாராளமா.

இரண்டு மாதம் ஆகியும் வீடு நகரவில்லை. தொலைபேசியில் ஒருவர் ‘இண்டியன் வீடா?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் கேட்காமலே வைத்தார். அவரும் அதற்காகத்தான் வைத்தார் என்று நானே எண்ணிக்கொண்டேன். பிறகு ஒரு வேலை செய்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. வீட்டை ‘நியூட்ரல்’ ஆக்குவது என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். வாசலில் மாவிலைத் தோரணத்தைக் கழற்றினேன். நிலைப்படியில் மஞ்சளைத் துடைத்தேன். சுவரில் இருந்த சாமி மேடையை இறக்கி, முருகனையும் மாரியம்மனையும் துணி சுற்றி அலமாரிக்குள் அக்காவின் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். மேடைக்கு மேலே விளக்குப் புகை கருப்பாகப் படிந்திருந்தது. அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசினேன். சந்தையில் ஒரு கட்டுப் பண்டான் இலை வாங்கி வந்து மூலைக்கு மூலை வைத்தேன், சாம்பிராணி வாசம் போவதற்கு.

என் அம்மாவின் வீட்டிலும் இதே மேடை, இதே புகைக்கறை உண்டு. அதுவும் அன்றைக்கு நினைவுக்கு வந்தது. வந்தும் கை நிற்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். “கொஞ்ச நாளைக்குத்தானே தம்பி?” என்றார். அலமாரிக் கதவை முழுதாகச் சாத்தாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தார். வீடு பார்க்க ஆள் வரும் நேரங்களில் கீழே காப்பிக் கடையில் போய் உட்கார்ந்திருக்கச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். அந்த முட்டியோடு மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறுவார். அதற்காகத்தான் வீட்டையே விற்கிறார் என்பது எனக்கு எப்படி உறைக்காமல் போனதோ.

ஒரு சனிக்கிழமை. சீனத் தம்பதி ஒன்று பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. இருவருக்கும் நாற்பது வயதிருக்கும், இருவரும் சிங்கப்பூரில் வேலை. பத்தரைக்கே வந்துவிட்டார்கள். அக்கா அப்போதுதான் கூட்டிக்கொண்டிருந்தார். பழைய நைட்டி, தலையில் துண்டு, கையில் துடைப்பம். கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண்மணி சிரித்தபடி, “இவங்கதான் ஓனரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நண்பரே, ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான் சொன்னது வேறு.

“இல்ல, ஓனர் கோலாலம்பூர்ல இருக்காங்க. இவங்க வீடு சுத்தம் பண்றவங்க.”

இருபது வருடம் தொழிற்சாலையில் அதிகாரிகளின் ஆங்கிலம் கேட்டவர் சரோஜா அக்கா. அவருக்குப் புரிந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இப்படி இருந்திருக்காது. நான் ஏதோ இக்கட்டில் மாட்டிக்கொண்டேன், உதவ வேண்டும் என்று நினைத்தது போலிருந்தது அந்தப் பார்வை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், ஏற்கெனவே கூட்டிய இடத்தையே மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

அவர்கள் அறைகளைப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். கணவர் ஜன்னலருகே போய் மயிலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“இது இண்டியன் வீடுதானே? அவங்க சாமி எங்க வெச்சிருந்தாங்க? எங்களுக்கும் மேடை வைக்கணும். ஏற்கெனவே சாமி இருந்த இடம்னா ரொம்ப நல்லது.”

வாசம் போக்கி, கறை போக்கி, சாயம் பூசி நான் ஒளித்து வைத்ததைத்தான் அவர்கள் தேடி வந்திருந்தார்கள். நான் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அக்காவின் குரல் மலாயில் வந்தது. “அந்தச் செவுருதான். காலையில வெயிலு நேரா அதுமேல விழும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?” என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

“ரொம்ப வருசமா நான்தான் இந்த வீட்டச் சுத்தம் பண்றேன்,” என்றார் அக்கா.

அன்றைக்கே வாங்குவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்தினார். நான் கழுத்துப்பட்டையைத் தளர்த்தப் பார்த்தேன், அந்தப் பாழாய்ப்போன முடிச்சு அவிழவில்லை.

“நல்ல மனுசங்களா தெரியுது தம்பி. அப்புறமா சொல்லிடுவீங்கல்ல, நான்தான் வீட்டுக்காரின்னு?”

“சொல்லிர்றேன்கா.”

சொல்லவில்லை. சொன்னால் நான் பொய்யன் என்று தெரிந்துவிடும், வீட்டை வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அக்காவின் நன்மைக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இதில் இன்னும் கேவலமானது, அதை நம்பியும் விட்டேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் வாங்குபவருக்கு ஒரு நாள், விற்பவருக்கு வேறொரு நாள் என்று கையெழுத்துக்கு நேரம் வாங்கினேன். இரு தரப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரு வீட்டைக் கை மாற்றிவிடலாம், அந்த வசதி இந்தத் தொழிலில் உண்டு.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. அவர்களை மாலையில் வரச் சொல்லிவிட்டு அக்காவிடம் காலையிலேயே போனேன். வீடு காலியாக இருந்தது. அரக்குப் பட்டுச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, அக்கா காத்திருந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள், ஒரு சின்ன பொட்டலத்தில் உப்பு. நடுவில் சாவி.

“அவங்க வரலியா?”

“வேலைக்கா. லீவு கெடைக்கலையாம். நான் குடுத்துர்றேன்.”

அவர் எனக்குப் பின்னால் காலியான படிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “அப்ப நீங்க வாங்கிக்குங்க. கீழ வெக்காம அப்படியே குடுங்க தம்பி.”

தட்டோடு கொடுத்தால் யார் தந்தது என்று கேட்பார்கள். அதனால் மாலையில் சாவியை மட்டும் ஓர் உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். வெற்றிலை என் கார் இருக்கையிலேயே வாடியது. பழத்தை இரண்டு நாளில் நானே தின்று முடித்தேன், இதையும் மறைப்பானேன். அந்தப் பெண்மணி உறையை வாங்கிக்கொண்டு, “ஓனர் ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லல,” என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் அந்தத் தொழிலில் இருந்தேன். இப்போது சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மேசை வேலை. தம்போய் பக்கம் போனால் அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். பட்டறைகளில் பாதி மூடிவிட்டன, அந்த மின்னணுத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடம் என்று கேள்வி. கூலாய்க்குப் போய் அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். கூலாய் ஒன்றும் காசி இல்லை, அரை மணி நேரத் தூரம். முறுக்கு தின்று முடிப்பதற்குள் அந்த நினைப்பும் முடிந்துவிடும்.

அந்தப் படம் வந்த அன்று மட்டும் விடவில்லை. கோவில்காரர்களிடம் கேட்டு மகளின் எண்ணை வாங்கி அழைத்தேன். வெட்டாத என் முழுப் பெயரைச் சொன்னேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“தம்போய் வீட்ட வித்துக் குடுத்த அண்ணனா! அம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சிண்ணே. உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க.”

“என்னம்மா சொல்வாங்க?”

“சாவி குடுத்த நாளத்தான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்வாங்க. பட்டுச் சேல கட்டிக்கிட்டு, தட்டுல வெச்சி, அவங்க கையாலயே குடுத்தாங்களாம். அந்தச் சீன அம்மா அவங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டாங்களாமே. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்கன்னு சொல்வாங்க.”

கூலாய் வீட்டில் உட்கார்ந்து சரோஜா அக்கா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, மகளிடம் சொல்லக் கூசியதால் சொன்னாரா, அப்படி நடந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னாரா, இனி கேட்க ஆளில்லை. அன்று காலை உண்மையில் நடந்தது தெரிந்த இருவரில் ஒருவர் போய்விட்டார்.

“ஹலோ, அண்ணே? லைன்ல இருக்கீங்களா? நீங்க பக்கத்துல நின்னீங்கதானே?”

“நின்னேம்மா,” என்றேன்.