முப்பத்தேழு புகை

1. மேடம்

மதுரையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா என்று எது வந்தாலும் மாட்டியிருக்கிறேன். சின்னத் தப்புகள் நிறையச் செய்தேன், அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் நோட்டு பத்தாது. பெரிய தப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு பழைய ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக் கொடுத்தபோது செய்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று அதை மட்டும் எழுதுகிறேன்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, அதுவே வழி சொல்கிறது. அப்போது ஜிபிஎஸ் என்பது உள்ளங்கை அகலத்தில் தனிப் பெட்டி. முன் கண்ணாடியில் ரப்பர் கப்பை அழுத்தி ஒட்டி அதில் மாட்ட வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒயரைச் சொருகினால் உயிர் வந்து, ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கும். எங்கள் முதலாளி ஜமால் பாய் அதற்கு 'மேடம்' என்று பேர் வைத்தார். "மகாலிங்கம், மேடத்தை மாட்டிட்டியா?" என்று அவர் கல்லாவிலிருந்து சத்தம் போட, வெளியே நிற்கிற கஸ்டமர் மிரண்டுபோய்த் திரும்பிப் பார்ப்பார்.

நான் முதல் மேடத்தை மாட்டியது போர் காசியின் ஜீப்பில். போர் போடும் லாரிக்கு ஏஜென்ட் அவர். யாருக்காவது ஆழ்துளைக் கிணறு வேண்டுமென்றால் இடத்தைப் போய்ப் பார்ப்பது, நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூட்டிப்போவது, லாரியை வரவழைப்பது, குழி முடிகிறவரை பக்கத்திலேயே நிற்பது எல்லாம் அவர் வேலை. இன்றைக்கு அலங்காநல்லூர் பக்கம், நாளைக்குக் கொட்டாம்பட்டி பக்கம் என்று ஓடிக்கொண்டே இருப்பார். தோட்டத்துக்கும் பொட்டலுக்கும் ஏது அட்ரஸ்? அதனால்தான் மேடத்தை வாங்கினார். மூன்றாம் நாளே கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, இந்தப் பொம்பள பொசுக்கு பொசுக்குன்னு கோவிச்சுக்கிருதுண்ணே. ரோட்டை விட்டு எறங்குனாப் போதும், 'ரீகால்குலேட்டிங், ரீகால்குலேட்டிங்'னு ஒரே பாட்டு."

"வழி மாறிட்டீங்க, திரும்பக் கணக்குப் போடுறேன்னு சொல்லுது காசி. கோவமெல்லாம் இல்ல."

"நான் வயக்காட்டுக்குள்ள போறவன். அது எம்புட்டுத்தான் கணக்குப் போடும், பாவம்!"

அன்றைக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தேன். ரோடே இல்லாத இடத்தில் நின்றாலும் ஒரு பட்டனை அமுக்கினால் அந்த இடம் பதிவாகிவிடும். பேர் கொடுத்துக்கொள்ளலாம். மேப்பில் ஒரு சின்னக் கொடி நிற்கும். காசி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் மேடம் அவருக்கு 'தாயி' ஆகிவிட்டது. வண்டி எடுக்கும்போது "கெளம்புவமா தாயி" என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கிண்டல் பண்ணுவேன். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

2. புதுசு

ஆறேழு வருடம் ஓடியது. பெட்டியின் திரை மங்கிவிட்டது, வலது மூலையில் எத்தனை தடவை தொட்டாலும் அசையாது. மேப்பும் பழசு. புது நாலு வழிச் சாலையில் போனால் வண்டி கண்மாய்க்குள் போவதாகக் காட்டியது.

"தாயிக்கு வயசாயிருச்சுண்ணே" என்றார் காசி. அவர் குரலே இறங்கிப் போயிருந்தது.

புதுசு டேஷ்போர்டிலேயே உட்காரும் பெரிய திரை. ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் ஒன்றில். குரல் தமிழில் பேசும். எனக்குத்தான் அவரைவிட உற்சாகம். பழைய பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "அதுல உள்ள எடமெல்லாம் இதுல ஏத்திருங்கண்ணே. பெட்டியத் தூரப் போட்றாதீக" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சுத்தம். டேஷ்போர்டுக்கு உள்ளே, யாருமே பார்க்காத இடத்தில்கூட ஒயரை வரிசையாக டை போட்டுக் கட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். பழைய பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி லிஸ்ட்டை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேர்கள். மாமியா வீடு, மேலூர் டீக்கடை, ஒத்தப்பனை, அந்தத் தோட்டம், இந்தத் தோட்டம் என்று இருநூறுக்கு மேல். அதற்கு நடுவில் புகை ஒன்று, புகை இரண்டு என்று முப்பத்தேழு வரை.

எங்கள் தொழிலில் புகை என்றால் ஒன்றுதான். வண்டிக்குப் புகை பரிசோதனை பண்ணிச் சர்டிபிகேட் வாங்குவது. பெட்ரோல் பங்க் வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு செய்வார்களே, அது. சர்டிபிகேட் எப்போதாவது வாங்குகிற மனுஷனுக்கு முப்பத்தேழு புகைக் கடையா! காசி பட்டனைத் தெரியாமல் அமுக்கி அமுக்கிக் குப்பை சேர்த்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன். கம்ப்யூட்டரில் அந்த முப்பத்தேழையும் வரிசையாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மீதியைப் புதுசில் ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பாருங்க, கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்" என்று பெருமை வேறு.

3. சாம்பிராணி நேரம்

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். காலையில் கடை திறந்து ஜமால் பாய் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். காசி போன் பண்ணினார்.

"அண்ணே, தமிழ்ப் பொண்ணு சூப்பராப் பேசுதுண்ணே! கொட்டாம்பட்டி தாண்டி ஒரு காட்டுல நிக்கிறேன். பாண்டியம்மான்னு ஒரு அக்கா. புருசன் இல்ல. கறவை மாடு ரெண்டையும் வித்துட்டு போர் போடுது. இந்த ஒரு குழிதான், இது தவறிருச்சுன்னா அடுத்த குழிக்கு அந்தக்காவுக்கு நாதியில்ல. எனக்கும் பக்கு பக்குன்னு இருந்துச்சு. மேப்பைப் பார்த்தேன், சுத்துவட்டாரத்துல ஒரு புகைகூட இல்ல. அதான் தைரியமா லாரிய வரச் சொல்லிட்டேன்."

"புகையா? அங்க எதுக்கு காசி புகை பார்க்கிறீங்க?"

"லாரி வந்துருச்சுண்ணே, வச்சிர்றேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜமால் பாயிடம் சொன்னேன். அவர் கையில் சாம்பிராணித் தட்டோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மகாலிங்கம், போர்ல தண்ணி இல்லன்னா என்ன வரும்? பாறைத் தூள்தான் வெள்ளை வெள்ளையாப் பறக்கும். அதைத்தான் புகைம்பாங்க. எங்க வீட்டுல மொதக் குழி புகைதான். கண்ணு காது எல்லாம் மாவு."

தண்ணி வராமல் போன முப்பத்தேழு இடங்களைத்தான் காசி குறித்து வைத்திருந்தார், மறுபடி அதன் பக்கத்தில் யாரையும் துளைக்கவிடக் கூடாது என்று. நான் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

காசிக்குப் போன் பண்ணினேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. லாரி சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது?

அழித்தது கம்ப்யூட்டரில்தான். பழைய பெட்டியில் கை வைக்கவில்லை. அது டிராயரில், பேப்பரில் சுற்றிக் கிடந்தது. நான் அதை எடுக்கும்போதே ஜமால் பாய் தன் கார் சாவியை நீட்டிவிட்டார்.

"நின்னு யோசிக்காத. வண்டிய எடு. அந்தப் பொம்பளையோட மாடு ரெண்டும் உன் கழுத்துலதான் நிக்குது."

4. கொடியும் லாரியும்

பல நாளாகச் சும்மா கிடந்த பெட்டி சாட்டிலைட்டைப் பிடிக்க நேரம் எடுக்கும். ஒத்தக்கடை தாண்டுகிறவரை திரையில் வெறும் வெள்ளை. பிறகுதான் மேப் வந்தது. கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கொடி. புகை இருபத்திரண்டு. ஓரமாக நிறுத்தி அதைத் தொட்டேன். மேடம் பேச ஆரம்பித்தாள்.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! அந்தக் குரலை எத்தனை வண்டியில் மாட்டியிருப்பேன், எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருப்பேன். நாலு வழிச் சாலை அவளுக்குத் தெரியாது. "ரீகால்குலேட்டிங், ரீகால்குலேட்டிங்" என்று மேலூர் வரை புலம்பிக்கொண்டே வந்தாள். "கோவிச்சுக்காத தாயி, கொண்டுபோய்ச் சேர்த்துரு" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். காசியைக் கிண்டல் பண்ணியதற்கு அனுபவிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கொடி பாண்டியம்மாள் காட்டில் இருக்காது, வேறு எங்காவது இருக்கும், காசி என்னைத் திட்டி அனுப்பிவிடுவார் என்றுதான் வழியெல்லாம் வேண்டினேன். மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கியதும் கருவேல மரங்களுக்கு மேலே போர் லாரியின் கம்பம் நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. பெட்டியைப் பார்த்தேன். கொடியும் லாரியும் ஒரே திசை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரே இடம்.

போய்ச் சேர்ந்தபோது சுண்ணாம்பில் குறித்த இடத்துக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் வெட்டி, குங்குமம் தடவி, தேங்காய் உடைக்க ஆள் ஓங்கி நிற்கிறான். சூடம் அணைந்ததும் மெஷினை இறக்கிவிடுவார்கள்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கய்யா!"

காசி ஓடி வந்தார். "என்னண்ணே, நீங்க எங்க இங்க?"

பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். "உங்க புகை முப்பத்தேழையும் நான்தான் அழிச்சேன் காசி. வண்டிப் புகைன்னு நெனச்சிட்டேன். இங்க ஒண்ணு இருக்கு, பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார், சுண்ணாம்புக் குறியைப் பார்த்தார், காட்டைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இது ஒரே பொட்டலா கெடந்துச்சு. வரப்பு இல்ல, வேலி இல்ல. இந்தக்கா வாங்குறதுக்கு முந்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டி பத்தடி இப்படி அப்படிக் காட்டும். கடப்பாரையை வாங்கிக் கருவேலம் புதருக்குள் நானும் அவரும் குத்திப் பார்த்தோம். சுண்ணாம்புக் குறியிலிருந்து ஆறு தப்படி தள்ளி 'ணங்' என்றது. மண்ணை ஒதுக்கினால் ஒரு பலகைக் கல். அதைப் புரட்டினால், மண் அடைத்த பழைய குழாயின் வாய்.

பாண்டியம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான அம்மா, இடுப்பில் சொருகிய முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"நீங்க யாருய்யா?"

"குறிச்சு வச்சத அழிச்சவன்மா."

"அழிச்சவரே இம்புட்டுத் தூரம் ஓடி வந்து சொல்லிட்டீகளே. போங்கய்யா, மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று செம்பை நீட்டினார். தண்ணிக்காக மாட்டை விற்றுவிட்டு நிற்கிறவர் எனக்குத் தண்ணி கொடுக்கிறார். வாங்கிக் குடித்தேன்.

காசி பெட்டியைக் கையில் பிடித்தபடி காட்டை மூன்று சுற்று நடந்தார். கிழக்கு மூலையில் வேப்ப மரத்துக்குப் பக்கம் நின்று, "இங்க எறக்குங்க. என் பொறுப்பு" என்றார். நான் கடைக்குத் திரும்பவில்லை. முதலில் வெள்ளைத் தூள் பறந்தது. ஜமால் பாய் சொன்ன புகையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காடு, லாரி, ஆட்கள் எல்லாம் மாவு பூசிப்போனது. குழாய் மேல் குழாயாக இறங்க இறங்க நான் எண்ணிக்கொண்டே நின்றேன். காசி அந்தத் தூளைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மதியத்துக்கு மேல், பிடித்த கையை விரிக்காமல் என்னிடம் வந்தார்.

"அண்ணே, உருண்டை பிடிக்குது."

மண் ஈரமாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சேறும், அதன் பிறகு கலங்கல் தண்ணியும் சீறி அடித்தது. பெரிய தண்ணி என்று சொல்ல மாட்டேன், ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்கிற தண்ணி. பாண்டியம்மாள் அந்தத் தண்ணிக்குள்ளேயே போய் நனைந்துகொண்டு நின்றார். நானும் நனைந்துவிட்டேன். அழுததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

5. முப்பத்தெட்டு

மறுநாள் காசி கடைக்கு வந்தார். முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் புதுசில் ஏற்றினேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு புகைக்கும் அது யார் காடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவர் குழி முடிந்ததும் ஊரை விட்டே போய்விட்டாராம். நாலாவது புகை காசியின் சொந்த அண்ணன் காடு.

"தண்ணி வந்த எடத்த ஊரே ஞாபகம் வச்சுக்கிரும்ணே. வராத எடத்த நாந்தான வச்சுக்கணும்?" என்றார்.

அதற்குப் பிறகு எந்தக் கஸ்டமர் பெட்டியிலும், "இது என்ன பேரு, எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் ஒரு எழுத்தைக்கூட நான் தொட்டதில்லை. பிள்ளைகளா, நமக்குப் புரியவில்லை என்பதால் அது குப்பை ஆகிவிடாது. கேளுங்கள். கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாம் ஏற்றி முடித்ததும் காசி திரையில் ஏதோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். எங்கள் கடை மேல் ஒரு கொடி. பேர், புகை முப்பத்தெட்டு.

"யோவ்!" என்றேன். ஜமால் பாய் கல்லாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

போன வருடம் பாய்க்கு உடம்புக்கு முடியாமல் கடையை மூடினார்கள். கடைசி நாள் காசி வந்திருந்தார். இப்போது அவரிடம் எந்தப் பெட்டியும் இல்லை, எல்லாம் போன்தான். இடங்களையெல்லாம் மகள் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாளாம். காட்டினார். நூற்றுக்கணக்கான கொடிகளுக்கு நடுவில் முப்பத்தெட்டு அப்படியே நின்றது.

"கடையே இல்ல, இன்னும் எதுக்குய்யா இது? அழிச்சிருங்க" என்றேன்.

"நீங்களா சொல்றீக?" என்று சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போங்கண்ணே. அழிக்க மாட்டேன்."