பழப்புளி போட்டு மினுக்கிய பதக்கம்

தொண்ணூறுகளில் நாங்கள் ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருந்தோம். நாங்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். என் கணவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. அவர் காலையில் வந்து படுக்க, நான் துப்புரவு வேலைக்கு வெளிக்கிடுவேன். நான் திரும்பி வர, அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தோம், அவ்வளவுதான் குடும்பம். விசாவையும் மாதக்கணக்கில்தான் நீட்டித் தந்தார்கள். அதனால் அறை ஜன்னலுக்கு நான் திரைச்சீலைகூட வாங்கவில்லை. எந்த நேரமும் போகச் சொல்லக்கூடியவர்களுக்கு எதற்குத் திரைச்சீலை?

வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசிய இடம் ஒன்றுதான். வியாழக்கிழமைகளில் நான் துடைக்கப் போன வீட்டின் குசினி மேசை. அந்த வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்ததும் கோப்பி ஊற்றித் தந்து, ஒரு சின்னப் பெட்டியைத் திறப்பார். உள்ளே ஒரு வெண்கலப் பதக்கம். அவருடைய பாட்டனார் நாடா நெய்யும் பட்டறை வைத்திருந்தவராம். பாரிஸில் நடந்த பழைய உலகக் கண்காட்சிக்குப் பட்டு நாடாக்களை அனுப்பி, போட்டியில் வென்ற பதக்கமாம்.

ஒவ்வொரு வியாழனும் அதே கதைதான். பாதி விளங்கும், பாதி விளங்காது. நான் என்பாட்டில் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் கதையை நிறுத்திவிட்டு, நான் தியானம் செய்து முடிக்கும்வரை பொறுக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஓம் என்றால் எங்கள் பேச்சில் 'ஆமாம்' என்று நான் விளக்க, இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

ஆனால் அந்தப் பதக்கத்தைப் பார்க்க எனக்கு வயிறெரியும். கரிச்சட்டி போல் கறுத்துக் கிடந்தது. உலகமே மெச்சிக் கொடுத்ததை இப்படியா வைத்திருப்பது? எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு வீட்டு விளக்கு அப்படிக் கறுத்திருந்தால், அங்கே ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

அவர் கண் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீட்டைப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். புதுக்கண்ணோடு வருகிறவர் பார்க்கட்டுமே என்று, தமிழ்க் கடைப் பழப்புளியைக் கரைத்தேன். சாம்பலுக்கு அந்த ஊரில் எங்கே போவது? உப்பைச் சேர்த்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். இலைமாலை சூடிய ஒரு பெண்ணின் முகம் மூக்கும் முழியுமாக மேலே வந்தது. தைப்பொங்கலுக்கு மினுக்கிய குத்துவிளக்குத் தோற்றுப்போகும். தட்டிக்கொடுக்க ஆளில்லாததால் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் வந்து பெட்டியைத் திறந்தார். பதக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் கறுப்பு அழுக்கில்லையாம். பாட்டனார் தொட்டது, அப்பா தொட்டது, தன் கணவர் வானொலியில் செய்தி கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையில் வைத்து உருட்டியது. "அவர்களுடைய கைகளைக் கழுவி ஊற்றிவிட்டீர்கள்" என்றார். அன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அடுத்த வியாழன் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

கணவரிடம் வாசலில் வைத்துச் சொன்னேன்.

"பழசெண்டால்தானே அவைக்கு மதிப்பு. அதைப் போய் ஏனப்பா மினுக்கினனீர்?"

"கறுத்துக் கிடந்தது. பாக்க ஏலாமல் இருந்தது."

"சரி, விடும். வேற வீடு பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

துடைக்க வேறு வீடு கிடைக்கும். உட்கார்ந்து ஓம் போட வேறு மேசைக்கு நான் எங்கே போவேன்? வியாழக்கிழமைகளில் திரைச்சீலை இல்லாத ஜன்னலடியில் இருந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்தேன். சில நாள் சோற்றுப் பானையோடு பேசினேன். எனக்கு அவ்வளவு தனிமையாக இருந்தது.

ஒரு புதன்கிழமை அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். நாளைக்கு வாருங்கள், அவ்வளவுதான். போனேன். வாளியை எடுக்கப் போன என்னை இருக்கச் சொல்லி, கோப்பி ஊற்றினார். பெட்டியைத் திறந்து, பதக்கத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"பிடித்துக்கொண்டிருங்கள். இனி ஒவ்வொரு வியாழனும். என் கைகள் மட்டும் போதாது."

அது பழையபடி கறுக்க எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்டேன்.

"வருஷக்கணக்காகும்" என்றார், கோப்பிக்குப் பால் விட்டபடி.

அந்த நாட்டில் என்னை வருஷக்கணக்காக இருக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குக் கை வியர்த்தது. வியர்க்கட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.