மாமாவுக்குச் சுவரில் கிடைத்த வேடம்

என் மாமா தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றியது செத்துப்போனவராகத்தான். நடித்துச் செத்தவர் அல்ல, தொடர் தொடங்கும்போதே செத்திருந்தவர். கதாநாயகியின் அப்பா. சுவரில் மாலையோடு தொங்குவார். கதாநாயகி அவ்வப்போது அவர் முன்னால் வந்து நின்று அழுவாள், அவ்வளவுதான். இன்றைக்குச் சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சி பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியும். வினாவிடை நிகழ்ச்சி நடத்துகிறார், தொடர்களில் நடிக்கிறார், பெரிய விழா என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பதும் அவர்தான். அந்த முகத்தை முதலில் அங்கே அனுப்பப் புறப்பட்டது கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இருந்த நான், பத்து வயதில். அது போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒரு செத்தவீடும் நடந்து முடிந்தது.

மாமா அம்மாவின் தம்பி. கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்கென்று சிங்கப்பூர் போனவர், அங்கேயே கல்யாணம் செய்து, அந்த நாட்டுக்காரராகவும் ஆகிவிட்டார். கிழமை நாட்களில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இரும்புக்கு வண்ணம் அடிப்பார். லீவு நாட்களில் தொலைக்காட்சிக்காரர்களின் வாசலில் போய் நிற்பார். இரண்டு வருடம் அப்படி நின்ற பிறகு ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. அம்மா சமைக்கும்போது கை ஈரமென்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுத்தான் கதைப்பார், அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

“அக்கா, வேஷம் கிடைச்சிட்டுது.”

“என்ன வேஷம்?”

“கதாநாயகியின்ர அப்பா.”

“உனக்கு இப்பதானே முப்பத்திரண்டு. நீ எப்பிடியடா அப்பா?”

“அவர் வயசு போறதுக்கு முன்னமே...” மாமா இழுத்தார். “அவர் சுவரில இருப்பார், அக்கா.”

“சுவரிலயோ?”

“மாலையோட.”

அம்மா போனை வைத்துவிட்டார். அது திரும்ப அடித்தது. மூன்றாம் முறை எடுத்தபோது மாமா மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். சுவரில் யாருடைய படம் தொங்குகிறதோ, அவர்தான் பின்னால் பழைய நினைவுக் காட்சி வரும்போது உயிரோடு நடப்பார். அந்தக் காட்சியில் முழுசாக வசனம் இருக்கிறது. படம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கமராக்காரரின் அண்ணன் படத்தை மாட்டிவிடுவார்கள். மாமாவிடம் உள்ள படங்களிலெல்லாம் தலையில் கவசம். கோட்டும் டையுமாக அவர் நிற்கும் ஒரே படம் அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் இருந்தது.

“என்ர கல்யாணப் படத்தில இருந்து உன்னை எடுத்து மாலை போடுறதோ? உயிரோட இருக்கிறவனுக்கு? ஏலாது,” என்றார் அம்மா. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அம்மா வெள்ளவத்தையில் சேலைக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பா துறைமுகத்தில். பத்து மணி போல மாமா போன் எடுத்தார்.

“பிள்ளை, உனக்குத் தைரியம் இருக்கோ?”

இல்லை. எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கடைக்குப் பாண் வாங்கப் போனால் மிச்சக் காசை விட்டுவிடுவேனோ என்று பயம், வகுப்பில் கை தூக்கினால் டீச்சர் உண்மையாகவே கேட்டுவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்திலேயே பத்தாம் வகுப்போடு படிப்பையும் விட்டேன். ஆனால் அன்றைக்கு ஓம் என்றேன். இரண்டு வருடமாக வாசலில் நின்ற ஒருவரின் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் எழுத்து எழுத்தாகச் சொன்ன மின்னஞ்சல் முகவரியைக் கையில் எழுதிக்கொண்டேன். எங்கள் நேரம் ஐந்தரைக்குள் படம் போக வேண்டும். “அக்காவோட பிறகு நான் கதைக்கிறன்,” என்றார்.

ஆல்பத்திலிருந்து படத்தை உரித்தேன். மூலை கிழிந்துவிட்டது. கிழிந்த மூலையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

சந்தி ஸ்டூடியோவில் கடவுச்சீட்டுப் படமும், கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் படமும் எடுப்பார்கள். அதைவிட அடிக்கடி வரும் வேலை ஒன்று இருந்தது. யாராவது இறந்தால், அவர் ஏதோ ஒரு கல்யாணத்தில் கூட்டத்தோடு நிற்கும் படத்தை வீட்டார் கொண்டுவருவார்கள். அவரை மட்டும் வெட்டி எடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவரின் கையை அழித்து, பின்னால் நீலவானம் வைத்துப் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். எங்கள் பகுதிச் சுவர்களில் பாதி அந்த நீலவானம்தான். பத்து வயதில் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

ஸ்டூடியோ அங்கிள் மாமாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“ஆரை வெட்ட, மகள்?”

“மாமாவை.”

“என்னத்துக்கு?”

“மாலை போட்டுச் சுவரில மாட்ட.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா எங்க?”

“கடையில. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் அங்கிள். அம்மா தாங்கமாட்டா.”

நான் சொன்னது அம்மாவின் கோபத்தை. கையை நீட்டி முகவரியைக் காட்டினேன். சிங்கப்பூர்க் கம்பனிக்கு ஐந்தரைக்குள் படம் போக வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே அழுதார். கிழிந்த மூலைக்காக அழுகிறார் என்று நினைத்து, அதையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

“நீ வீட்ட போ பிள்ளை. எல்லாம் நான் பாக்கிறன்.”

நல்ல மனுசர். சொன்னபடி எல்லாம் பார்த்தார். படத்தை வெட்டினார், நீலவானம் வைத்தார். பிறகு, அழுத கண்ணோடு அனுப்ப மறந்து, கடையைப் பூட்டிக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேல், சந்தியிலிருந்து உள்ளே வரும் எங்கள் ஒழுங்கையில் பொடியன்கள் வெள்ளைக்கொடி கட்டத் தொடங்கினார்கள். கொழும்பில் ஒரு செத்தவீடு என்றால் சந்தியிலிருந்து அந்த வீடுவரை தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி வெள்ளைக்கொடி தொங்கவிடுவார்கள். தெரியாதவர்களும் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்து சேரலாம். யாரோ பாவம் என்று நினைத்தேன். கயிற்றுப் பந்தை ஒருவன் என்னிடம் தந்தான், நானும் அவிழ்த்து அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். கடைசிக் கொடியை எங்கள் கேற்றில் கட்டினார்கள்.

பிறகு ஆட்கள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. பக்கத்து வீட்டு அன்ரி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, “ஐயோ, உன்ர மாமா,” என்று அழத் தொடங்கியபோதுதான் எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் மாமா செத்தவர். நான் அன்ரியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் பார்த்தேன். நாலு ஐம்பது.

அப்போது அம்மா வந்தார். ஸ்டூடியோ அங்கிள் சேலைக்கடைக்குப் போன் எடுத்து, உடனே வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் தலையில் கையை வைத்து அழுத்தினார். வலித்தது. அடி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

“ஆர்?” என்று மட்டும் கேட்டார்.

“உங்கட தம்பி,” என்று அன்ரி தொடங்க, எனக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

“மாமா சாகயில்லை. படம் அனுப்பத்தான் குடுத்தனான். அந்த நாடகத்துக்கு.”

முற்றத்தில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா போய் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“பிள்ளை, படம் இன்னும் வரயில்லையே,” என்றது செத்தவரின் குரல்.

“பிள்ளை இல்லை, நான்,” என்றார் அம்மா. “தம்பி, நீ செத்துப்போனாய். முத்தத்தில நாப்பது பேர் இருக்கினம். வந்த ஆக்களோட நீயே கதை.”

“எல்லாருக்கும் கேக்குதோ, அக்கா?”

“கேக்குது.”

மாமா தொண்டையைச் செருமினார். பிறகு வந்தது நான் அதுவரை கேட்டிராத குரல்.

“வணக்கம். வேலை நாள் எண்டும் பாராமல் என்ர செத்தவீட்டுக்கு வந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. எனக்கு வர ஏலாமல் போட்டுது. குறை நினைக்க வேண்டாம்.”

கொடி கட்டிய பொடியன் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான்.

“ஆர் அது சிரிக்கிறது? அழ எல்லோ வந்தனீங்கள். சரி, உண்மையா அழுதவை ஆர், ஒவ்வொருத்தரா வாங்கோ பாப்பம்.”

“நான்தான்,” என்றார் பக்கத்து வீட்டு அன்ரி, கோபத்தோடு. “கண்ணைத் துடைச்சு ரெண்டு லேஞ்சி நனைஞ்சு போச்சு.”

“அன்ரி, உங்கட யன்னல் கண்ணாடியை உடைச்சது நான்தான்.”

“அது எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்ப ஏன் அழுதனீங்கள்?”

“இனி ஆரைப் பிடிச்சு ஏசுறது எண்டுதான்.”

கதிரைகள் குலுங்கின. ஸ்டூடியோ அங்கிள் முன்னுக்கு வந்து, “டேய், உன்ர வெள்ளைக்கொடிக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு என்ர விரல் வீங்கிப் போச்சு,” என்றார்.

“மச்சான், நீயோ? நல்லா இரு. படம் அனுப்பினியோ?”

அங்கிள் தலையில் கையை வைத்தார். ஐந்து பத்து. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த நாற்பது பேரைவிட மாமாவுக்கு வேண்டிய ஆள் அம்மா ஒருவர்தான், அம்மா இன்னும் சிரிக்கவில்லை என்று போனில் இருந்த மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“செத்ததெண்டு பொய்க்கதை வந்தால் ஆயுசு கூடுமாம், பிள்ளை,” என்றார் அன்ரி அம்மாவிடம் மெதுவாக.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூடியோ அங்கிளிடம் திரும்பினார். “வெட்டியாச்சோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப ஏன் நிக்கிறீங்கள்? கடையைத் திறவுங்கோ.” பிறகு போனைப் பார்த்து, “மாலை பிளாஸ்டிக்கில போடச் சொல்லு. உண்மையான பூ போட்டாங்கள் எண்டால் நான் அங்க வந்து சுவரை உடைப்பன்,” என்றார்.

செத்தவீட்டுக்கு வந்த கூட்டம் அப்படியே வெள்ளைக்கொடிகளுக்குக் கீழால் சந்திக்கு ஓடியது. அம்மா முன்னால், நான் அவர் கையில். ஸ்டூடியோவுக்குள் ஆறு பேர் நிற்க முடியும், இருபது பேர் நின்றோம். என் உள்ளங்கை வியர்த்து முகவரியில் ஓர் எழுத்து அழிந்துபோயிருந்தது. வீட்டுப் போனிலிருந்த மாமாவிடம் அதைக் கேட்டுச் சொல்ல, வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் பொடியன்கள் வரிசையாக நின்று ஓர் எழுத்தைக் கத்திக் கத்திக் கடத்தினார்கள். அந்த நாளைய இணையம், படம் நகரவே மாட்டேன் என்றது. பாதியில் ஒரு தடவை நின்றுபோக, “திரும்பப் போடுங்கோ,” என்றார் அம்மா, சேலைக்கடையில் மடித்த சேலையைத் திரும்பவும் விரிக்கும் அதே குரலில். ஐந்து இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாமா அந்தத் தொடர் முழுக்க மஞ்சள் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கினார். நினைவுக் காட்சியும் வந்தது, கோட்டோடு இறங்கி நடந்தார், வசனம் சொன்னார். அதற்குப் பிறகு காவல்காரர், கடன்காரர், கதாநாயகனின் மாமனார். படப்பிடிப்பில் காத்திருக்கும் ஆட்களை அவர் சிரிக்க வைப்பதைப் பார்த்து ஒருநாள் யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். இப்போது மேடைகளில் அவர் இந்தக் கதையைச் சொல்லுவார். நானும் இணையத்தில் பார்த்திருக்கிறேன். அன்ரியின் யன்னலுக்குச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவருக்குத் தெரியாத ஒன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. எனக்கே போன வருடம்தான் தெரியவந்தது. அயலில் ஒரு செத்தவீட்டுக்குச் சாமான் வாங்கச் சந்திக் கடைக்குப் போனபோது, கிழவனாகிவிட்ட முதலாளி சாமானை நிறுத்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு வெள்ளவத்தையிலிருந்து வந்த அம்மா, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தலையை உயர்த்தி, கொடிகள் எந்த ஒழுங்கைக்குள் திரும்புகின்றன, எந்தக் கேற்றில் போய் நிற்கின்றன என்று பார்த்துவிட்டு, ஓடவில்லையாம். கடைக்குள் வந்து இரண்டு கிலோ சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கேட்டு வாங்கினாராம். ஆக்கள் வருவார்கள், தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அம்மா கேட்டால் செத்தது தம்பி என்று சொல்லிவிடலாம் என முதலாளி காத்திருந்தாராம்.

அன்று பின்னேரம் திரும்பி வந்த எல்லாருக்கும் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், நான் பிஸ்கட் நீட்டினேன். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் இவ்வளவு சீனி எப்படி என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு இருந்தது மூன்று பேர்: துறைமுகத்தில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், வீட்டில் தனியாக நான். அந்த மூவரில் யார் என்று அம்மா கடைக்காரரிடம் கேட்கவில்லை.